நான் மறந்துபோன 'பி'

போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூ, டெக்னிக்கல் ரவுண்டு. ரெஸ்யூமில் பிடித்த பாடம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்று போட்டிருந்தேன். வினையே அதுதான். பேனலில் இருந்த சார் கேட்டது ஒரே கேள்வி: "சென்னையில ஒருத்தர் கோல்ஃப் பந்தை அடிக்கிறார். அதே அடியை டிசம்பர் காலையில ஊட்டியில அடிச்சா, பந்து கூடுதலா போகுமா, குறைவாவா?"

"குறைவா சார். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், டிராக் கூடும்."

சார் சிரிச்சுட்டு அடுத்த பையனைக் கூப்பிடச் சொன்னார்.

ஆனா மக்களே, நான் சொன்ன காரணம் பொய் இல்லை. காற்றின் அடர்த்தி என்பது அழுத்தத்தை (பி), வாயு மாறிலியும் கெல்வின் வெப்பநிலையும் (டி) பெருக்கி வரும் எண்ணால் வகுப்பது. அழுத்தம் மாறாமல் 30 டிகிரி செல்சியஸ் 10 ஆனால், 303-க்குப் பதில் 283. அடர்த்தி சுமார் 7 சதவீதம் கூடும். அதுக்காக தூரமும் 7 சதவீதம் குறையும்னு முடிவு பண்ணிடாதீங்க. பின்சுழற்சியோடு பறக்கும் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதான். டிராக் கூடும்போது லிஃப்டும் கூடும். அதனால் நஷ்டம் சில கெஜம்தான்.

குளிர் இன்னொரு இடத்திலும் கடிக்கும்: பந்துக்குள்ளே. அதன் கரு பாலிபியூட்டடைன் ரப்பர். கிளப் பந்தைத் தொடும் நேரம் சுமார் அரை மில்லிசெகண்ட். அதற்குள் நசுங்கி, பழைய வடிவத்துக்கு வரணும். குளிர்ந்த ரப்பர் நசுங்கி மீளும்போது அதிக ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். பந்து கிளம்பும் வேகமே குறையும். நம்பிக்கை இல்லைனா ஒரு ரப்பர் பந்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் தரையில் போட்டுப் பாருங்க. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு, ஃபெய்ன்மேன் ஓ-ரிங் ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினாரே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

"அப்போ பந்தைச் சூடு பண்ணி அடிச்சா?" என்று ரூம்மேட் கேட்டான். கோல்ஃப் விதி 4.2 அதைத் தடுக்கிறது. வேணும்னே சூடாக்கிய பந்தை அடித்தால் டிஸ்குவாலிஃபை. குளிர் நாட்டு ஆட்டக்காரர்கள் முந்தின ராத்திரி பந்தைக் காரில் விடாமல் வீட்டுக்குள் வைப்பதோடு சரி.

சரி, ஊட்டிக்கு வருவோம். உயரம் சுமார் 2,240 மீட்டர். அழுத்தம் சென்னையில் 1,010 ஹெக்டோபாஸ்கல் என்றால் அங்கே சுமார் 775. கணக்குப் போட்டால், சென்னை 30 டிகிரியில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. ஊட்டி 10 டிகிரியில் 0.95. குளிரையும் சேர்த்த பிறகே 18 சதவீதம் குறைவு! ரப்பர் கொஞ்சம் சோம்பினாலும் பந்து கூடுதலாகத்தான் போகும். நான் 'டி'-யை மட்டும் பார்த்துட்டு 'பி'-யை மறந்துட்டேன்.

கடல் ஓரத்தில் இருக்கும் ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸை வைத்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் சரி. சார் போயும் போயும் ஊட்டியைக் கேட்டுட்டார்.