டாக்டர் ஆகாமலே புற்றுநோய் ஆய்வா?

கேள்வி: ஆறாம் படிவத்தில் படிக்கும் என் மகள் புற்றுநோய் ஆய்வாளராக வேண்டும் என்கிறாள். முதலில் டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?
– தோட்டத்துத் தாய், கம்போங் ராஜா

பதில்: கட்டாயமில்லை அம்மா. உயிர்மருத்துவம், மரபியல், ஏன், புள்ளியியல் வழியாகவும் போகலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, யாரிடம் பயில்கிறாள் என்று பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கியது புற்றுநோய் மருத்துவமனை. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு உழைத்து வளர்ந்தவர்தான் புற்றுநோய் மருத்துவர் சாந்தா. சிகிச்சையோடு நிறுத்தாமல், 1984இல் புற்றுநோயியலுக்கென்றே உயர்பட்டப் படிப்பையும் அங்கு கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அதுவே முதல். நம் நாட்டில், சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பட்டப்படிப்பில் சேர்ந்ததும், அங்கே பயிற்சிக்கு இடமுண்டா என்று மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதித் தர வேண்டாம்.