வழிமுறையையும் எழுதி வை

அன்புக் கயல் குட்டிக்கு,

திருச்சி என்.ஐ.டி.யின் பரம் பொருள் கணினியில் உனக்குக் கணக்குக் கிடைத்துவிட்டதாமே. அண்ணி போனில் சொன்னாள். "பெரிய கம்ப்யூட்டராம், இவ கையில கொடுத்திருக்காங்க" என்று ஒரே பெருமை. 2022-இல் திறந்த அந்த 838 டெராஃப்ளாப் இயந்திரத்தை இன்னும் எத்தனையோ பேர் உன்னோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நான் ஏன் சொல்லிக் கெடுப்பானேன்?

முதல் வாரம் உனக்குக் கோபம் வரும். லேப்டாப்பில் சூடோ போட்டு நினைத்ததை நிறுவிக்கொள்கிறவள் நீ. இங்கே அது நடக்காது. வேண்டியதெல்லாம் நிர்வாகிகள் மாட்யூலாக வைத்திருப்பார்கள், 'மாட்யூல் அவெயில்' அடித்து ஒரு தடவை நிதானமாகப் படி. நோடுகளுக்கிடையே பேசவைக்கும் எம்.பி.ஐ. மட்டும் அவர்களுடையதையே எடுத்துக்கொள். அங்குள்ள நெட்வொர்க்குக்கு ஏற்றபடி கட்டியிருப்பார்கள். நீயாக இறக்கியது ஓடினாலும் நோடு தாண்டும்போது நொண்டலாம்.

லாகின் நோடில் கணக்கீட்டை ஓட்டாதே, கண்ணு. கல்யாண மண்டபத்து வாசலில் பாய் விரித்துப் படுக்கிற கதை அது. ஃபைல் திருத்து, பேக்கேஜ் இறக்கு, ஜாப் அனுப்பு, எழுந்து வா. (பல இடங்களில் கம்ப்யூட் நோடுக்கு இன்டர்நெட்டே கிடையாது. இறக்குவதை முன்னாடியே முடித்துவிடு.)

என் பெரிய கவலை உன் பாஷ்ஆர்சி ஃபைல்தான். எதையும் எறியமாட்டாயே நீ! யாரோ சொன்னார்கள் என்று ஒரு 'மாட்யூல் லோட்' வரியை அதில் போடுவாய். கோண்டாவும் தன் பங்குக்குச் சில வரிகளை எழுதிவிட்டுப் போகும். லாகின் செய்தவுடனே அதன் பேஸ் சூழல் தானாக எழுந்து உட்காரும். 'பிப் யூசர்' என்று நிறுவியவையோ ஹோமுக்குள் ஒளிந்துகொண்டு, அதே பதிப்புப் பைத்தான் உள்ள சூழல்களுக்குள் எல்லாம் தலைகாட்டும். ஒருநாள் நம்பைக்கும் சைபைக்கும் ஒத்துப்போகாது, எதை எது கூட்டிவந்தது என்று உனக்கே தெரியாது. அதனால் பாஷ்ஆர்சியை மெலிதாக வை. ஒவ்வொரு ஜாப் ஸ்கிரிப்டிலும் முதலில் 'மாட்யூல் பர்ஜ்', பிறகு வேண்டிய மாட்யூல்கள் பதிப்பு எண்ணோடு, அதற்குப் பிறகே உன் சூழல். எண் போடாமல் விட்டால், அவர்கள் புதுப் பதிப்பை வைத்த அன்றைக்கு உன் விடையும் சத்தமில்லாமல் மாறலாம்.

ஹோமில் இடம் கொஞ்சம்தான். கோண்டா சூழல் ஒன்றே பல்லாயிரம் பொடி ஃபைல், ஜி.பி. மிச்சமிருந்தாலும் ஃபைல் எண்ணிக்கை வரம்பு இடிக்கும். ஸ்கிராட்ச் என்ற தற்காலிக இடத்துக்குக் கொண்டுபோனால், தொடாத பழைய ஃபைல்களை அவர்கள் கூட்டித் தள்ளும்போது சூழலில் பாதி போய்ப் பாதி நிற்கும். முழுசாகப் போனால்கூடத் தேவலை, உடனே தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பில் விடை சரி, வழிமுறை இல்லை என்று மார்க் குறைத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் அந்த டீச்சர் கட்சி. எந்த மாட்யூல், எந்தப் பதிப்பு, எந்த வரிசை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதி கிட்டில் போடு. நிறுவும்போதே எழுது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் போனபின் அவர் புரோகிராம் யாரிடமும் ஓடவில்லை. அவர் ஹோமிலிருந்த லைப்ரரியை அது தேடியது, கணக்கையோ மூடிவிட்டார்கள்.

எழுதியதும் எனக்கு அனுப்பு. உன்னை ஒன்றும் கேட்காமல் எங்கள் கிளஸ்டரில் கட்டிப் பார்க்கிறேன். மாட்யூல் பெயர்கள் இங்கே வேறு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த வரியில் நிற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன். அண்ணியிடம் மூச்சு விடமாட்டேன்.

உன் அத்தை