தலையணைக்கடியில் பல்பப் பெட்டி

அன்பு மகளே,

உன் அம்மா நேற்று போனில் அழுதாள். தலையணைக்கடியில் பல்பப் பெட்டியைப் பார்த்தாளாம். "அஞ்சு மாசப் பிள்ளைத்தாய்ச்சி, சோறு இறங்கல, பல்பம் மட்டும் இறங்குது" என்றாள். உன்னைத் திட்டியதற்காக அவளை நான் திட்டினேன்.

நீ கூசிப் போகாதே. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் புகழ்கிறார்: உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரிகள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு, பகைவரால் தின்ன முடியாது என்று. அரசனைப் பாடும் இடத்திலேயே சொல்லும் அளவுக்குத் தெரிந்த சங்கதி அது. இந்த வேட்கைக்கு 'வயா' என்று பெயரும் இருந்தது.

நான் உன் அண்ணனைச் சுமந்தபோது திருநீறு தின்றேன். மாடத்துச் சம்புடம் மூன்று நாளில் காலியாகும். "வேற ஏதாச்சும் திங்கிறியா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்றேன். அந்தப் பொய்தான் தப்பு. ஏழாம் மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம்தான் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.

கர்ப்பிணிக்கு அது 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மண், சாம்பல், பல்பம், பச்சரிசி, ஐஸ்கட்டி என்று வாய் ஊறுகிற பலருக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கும். குறைவால் ஆசை வந்ததா, தின்றதால் குறைந்ததா என்று பிரிப்பது கடினம். சிலவகை மண் வயிற்றுக்குள் போய், சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மண்ணோடு புழு முட்டை போகும். சில மண்ணிலும் பழைய சுவர்ப் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கும். அது பிள்ளையின் மூளை வரைக்கும் போகிற விஷம். பெயின்ட் சுரண்டுவதை மட்டும் ஒரு நாள்கூடச் செய்யாதே.

இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாயாமே. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்படாதே. எலுமிச்சைச் சாறோடு போடு. டீ, காபியை அதற்குப் பக்கத்தில் சேர்க்காதே. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வை. ரத்தம் ஏற ஏற எனக்குத் திருநீற்று ஆசை தானாகவே விட்டுப்போனது.

நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போ. ஒரு நாளைக்கு எத்தனை குச்சி என்று நர்சம்மாவிடம் சரியாகச் சொல். ரத்தம் எவ்வளவு என்று ராத்திரி எனக்குப் போன் பண்ணு.

உன் சித்தி