கொல்லிமலைக்குக் கல்விப் பயணம்: திட்டமிடும் முறை

ஊராட்சி உறுப்பினர், மகளிர் குழுவினர், பள்ளி மாணவர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறோர் ஊருக்குச் சென்று, அங்குள்ள மக்களின் வாழ்க்கையையும் தொழிலையும் கண்டு வருதல் மிக்க பயன் தருவதாகும். ஆயினும் முன்னேற்பாடு இல்லாத பயணத்தால், போவோருக்கு அலைச்சலும் ஊருக்குக் குப்பையுமே மிஞ்சுகின்றன. பயணத்தைத் திட்டமிடும்போது, "நாம் எதைக் காணப் போகிறோம்?" என்பதோடு, "நம் வருகையால் அவ்வூருக்கு என்ன நேரும்?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை ஆராய்வோம்.

இடமும் வரலாறும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கொல்லிமலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டு நிலம். சங்க நூல்களில் இம்மலையும் கொல்லிப்பாவையும் பலமுறை பேசப்படுகின்றன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இந்நாட்டை ஆண்டவன். அவன் நினைவாக ஆடிப்பெருக்கையொட்டி இங்கு அரசு விழா நடைபெறுகிறது.

மலைமேல் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் கேட்டு இவர்களைக் கேரள நாட்டினர் என்று எண்ணிவிடலாகாது. இவர்கள் மலையை ஆளும் தமிழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்பது இவர்தம் மரபுக் கதை. மலையின் ஊர்கள் பழங்காலந்தொட்டே 'நாடு' என்னும் பிரிவுகளாக அமைந்துள்ளன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பதினான்கு நாடுகள் உண்டு. இன்றைய ஊராட்சிகளும் இந்நாட்டுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மலையின் தலைமையிடம் செம்மேடு.

நாம் குறிப்பாகக் காணவிருப்பது வளப்பூர் நாட்டிலுள்ள பெரியகோவிலூர். இங்குள்ள அறப்பளீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளை உடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவன் பெயராலேயே வழங்குகிறது. கோயிலருகே ஓடும் அய்யாற்றில் உள்ள மீன்களை மக்கள் பிடிப்பதில்லை; தெய்வத்தன்மை உடையன எனக் கருதி அவற்றுக்கு உணவிடுகின்றனர். அதே ஆறு சிறிது தொலைவில் செங்குத்தான பள்ளத்தாக்கினுள் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அருவியின் உயரம் சுமார் 300 அடி என்பர். அருவியடிக்குச் செல்ல ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் உள்ளன.

காலம் தேர்தல்

பயணத்தின் முதற்படி நாளைக் குறிப்பது. ஆடிப்பெருக்கு நாட்களில் மலை முழுவதும் கூட்டம் மிகும். விழாவைக் காண விரும்புவோர் அப்போது செல்லலாம். மக்களின் தொழிலை அறிய விரும்புவோர் அந்நாட்களைத் தவிர்த்தல் நலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது அருவியில் வெள்ளம் பெருகக்கூடும். அப்போது அங்கே செல்ல அனுமதி கிடைக்காது. கடுங்கோடையில் அருவி மெலிந்துவிடும். மழை ஓய்ந்த பின்வரும் தை, மாசி மாதங்கள் கல்விப் பயணத்துக்கு ஏற்றவை. காப்பிப் பழம், மிளகு ஆகியவற்றின் அறுவடையையும் அவற்றைக் களத்தில் காய வைப்பதையும் அக்காலத்தையொட்டிக் காண இயலும். இரவில் குளிர் இருக்குமாதலால் போர்வை உடன் கொள்ளல் வேண்டும்.

நாளைக் குறித்தபின், அருவிக்குச் செல்ல அனுமதி உண்டா, எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பவற்றை அங்குள்ள அலுவலர்களிடம் கேட்டறிந்த பிறகே வண்டியை அமர்த்துதல் நன்று.

மலைப்பாதை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீளமான பேருந்துகள் இவ்வளைவுகளில் திரும்புவது கடினமாதலால் சிறு வண்டிகளையே அமர்த்துக. மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் இன்றியமையாதவர்.

ஓட்டுநரிடம் இரண்டு செய்திகளை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலாவது, குறுகிய இடத்தில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் இழுத்துப் புறப்படுவது கடினம் என்பதே இதன் காரணம். இரண்டாவது, இறங்கும்போது பிரேக்கையே ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ ஏறத்தாழ அதே கியரில் இறங்கினால், எஞ்சினே வண்டியைக் கட்டுப்படுத்தும். இருட்டுவதற்கு முன் மலையிறங்க வேண்டும். இயலாதெனில் மேலேயே தங்க வேண்டும். இரவில் இறங்க எண்ணுவது கூடாது. பயணிகளுள் சிலருக்கு வளைவுகளில் தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஆகவே ஏறுமுன் வயிறு நிறைய உண்ணாதிருப்பது நல்லது.

பள்ளத்தாக்கில் இறங்குதல்

சமவெளியில் மலையேறுவோர் களைப்புற்றால் பாதியில் திரும்பி எளிதாக இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் நிலைமை நேர்மாறானது. எளிய பாதி முதலில் வருகிறது. கடிய பாதி பின்னர், களைத்த உடலோடு, வெயிலில் காத்திருக்கிறது. ஆகாய கங்கைப் படிகளில் இடர்ப்படுவோர் பெரும்பாலும் ஏறும்போதே இடர்ப்படுகின்றனர். எனவே இறங்குவதற்கு முக்கால் மணி எனின், ஏறுவதற்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் ஒதுக்குக. இறங்குதல் காலை ஒன்பது மணியளவில் தொடங்கினால், வெயில் உச்சிக்கு வருமுன் மேலே வந்துவிடலாம்.

இதய நோய், மூட்டு வலி, மூச்சிரைப்பு உடையோரும் கருவுற்ற மகளிரும் இறங்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கோயிலும் ஆற்றங்கரையும் ஊரும் உள்ளன. அவர்களோடு இருக்க ஒருவரை முன்னதாகவே அமர்த்திவிட்டால், இறங்காதோர் என்னும் கூச்சம் எவருக்கும் எழாது. இறங்குவோர் ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் நீர் எடுத்துச் செல்க. குழுவுக்கு முன்னே ஒருவரும் கடைசியில் ஒருவரும் பொறுப்பாளராகச் செல்லுதல் வேண்டும். இறங்குமுன்னும் ஏறிய பின்னும் தலை எண்ணுதல் அவசியம். நீர் கலங்கியோ திடீரெனப் பெருகியோ வந்தால் உடனே கரையேறுக. மேலே எங்கோ பெய்த மழை சற்று நேரத்தில் கீழே வெள்ளமாக வருவது மலையாறுகளின் இயல்பு.

உணவு யார் கையால்?

பயணத்தின் பயன் ஊருக்குச் சேருவதும் சேராததும் பெரும்பாலும் உணவு ஏற்பாட்டைப் பொறுத்தே அமையும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது பேர் கொண்ட குழு, சமவெளியிலிருந்து சோற்றுப் பொட்டலமும் குடிநீர்ப் புட்டியும் கொண்டு சென்றால், மலையில் அவர்கள் விட்டுச் செல்வது நாற்பது எச்சில் பொட்டலங்கள். அதற்கு மாறாக, ஊரிலுள்ள மகளிர் குழுவிடம் ஒரு வாரம் முன்னரே சொல்லி, ஆளுக்கு 100 ரூபாய் வீதம் சாமைச் சோறும் கீரையும் சமைக்கச் செய்தால் 4,000 ரூபாய் ஊரிலேயே தங்கும். விருந்தினர் வயிறும் நிறையும்.

சாமை என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு போன்றவை மானாவாரியாக இம்மலையில் நெடுங்காலம் பயிராயின. பிற்காலத்தில் மரவள்ளிக் கிழங்கு அவற்றின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றியது. சேலம், நாமக்கல் பகுதிகளிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளால் கிழங்குக்கு உறுதியான சந்தை இருந்தது. கையில் காசும் கிடைத்தது. சாமைக்கோ சந்தை இல்லை. அன்றியும் உமியை நீக்க மகளிர் மணிக்கணக்காக உரலில் இடிக்க வேண்டியிருந்தது. 1990களின் பிற்பகுதி முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குச் சிறுதானிய விதைகளைப் பேணுதல், உமி நீக்கும் இயந்திரங்களை நிறுவுதல், மகளிர் குழுக்கள் வாயிலாக விற்பனை செய்தல் ஆகிய பணிகளை மேற்கொண்டது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இவையெல்லாம் நன்று. எனினும் வாங்குவோர் இல்லையெனில் உழவர் ஏன் விதைக்க வேண்டும்? வருகிறவர் உண்ணும் ஒருவேளைச் சாமைச் சோறும், திரும்பும்போது வாங்கிச் செல்லும் ஒரு படிச் சாமையும், அடுத்த பட்டத்தில் அதனை விதைக்க ஓர் உழவருக்குக் காரணமாகலாம்.

மிளகு, காப்பிக்கொட்டை, தேன், பலா, அன்னாசி, மலைவாழை ஆகியவற்றையும் விளைவித்தவரிடமே வாங்குதல் நன்று. ஆனால் காட்டுக்குள் சென்று மூலிகை பறிப்பதும் செடி பிடுங்குவதும் கூடா. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றமாகும்.

நீரும் குப்பையும்

ஆகாய கங்கையில் குளிப்போர் சோப்பும் ஷாம்புவும் தேய்த்துக்கொண்டால், அந்நுரை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அய்யாறு கீழே இறங்கித் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அங்கும் மக்கள் குளிக்கிறார்கள். அதற்கும் கீழே வயல்கள் இருக்கின்றன. ஆகவே அருவியில் சோப்பின்றிக் குளிப்பதைக் குழுவின் விதியாக வைத்துக்கொள்க.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. மலையூர்களில் இத்தடை இருமடங்கு பொருளுடையது. சமவெளியில் குப்பையை அள்ளிச் செல்ல வண்டி வரும். படிக்கட்டுக்குக் கீழே எறிந்ததை ஒருவர் தலையில் சுமந்தே மேலேற்ற வேண்டும். குழுவுக்கு இரண்டு துணிப்பைகள் எடுத்துச் சென்று, குப்பை அனைத்தையும் அடிவாரத்துக்கே திரும்பக் கொண்டுவருதல் வேண்டும்.

பிற நாட்டு உதாரணம்

பள்ளத்தாக்கிலுள்ள பழைய ஊர்களுக்குச் செல்வதில் இத்தகைய கட்டுப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், 1919இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கை அடுத்துச் சுப்பாய் என்றோர் ஊர் இருக்கிறது. ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினர் அதில் வாழ்கின்றனர். ஊருக்குச் சாலை இல்லை. மேல் விளிம்பிலிருந்து எட்டு மைல் நடக்க வேண்டும். அஞ்சல் பைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்து செல்கின்றன. அங்குள்ள அருவிகளைக் காண விரும்புவோர், பழங்குடி மன்றத்திடம் முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி பெற வேண்டும். காலையில் வந்து மாலையில் திரும்புவோருக்கு அனுமதி இல்லை. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2023 தொடக்கம் வரை, அம்மன்றம் வெளியார் வருகையை முற்றிலும் நிறுத்தி வைத்தது.

கொல்லிமலை தேசியப் பூங்கா அன்று. அதற்குச் சாலையும் உண்டு. ஆயினும் விருந்தினர் எத்தனை பேர், எப்போது, எவ்விதம் வரலாம் என்பதில் ஊராரின் சொல்லுக்கு இடமிருக்க வேண்டும் என்னும் கொள்கை நமக்கும் பொருந்தும். பயணக் குழு புறப்படுமுன் ஊராட்சிக்குக் கடிதம் எழுதி, வரும் நாளையும் தொகையையும் தெரிவிப்பது இதன் முதல் அடையாளம்.

இரண்டு நாள் நிகழ்ச்சி நிரல்

முதல் நாள்: காலையில் அடிவாரத்திலிருந்து புறப்படுதல். முற்பகலில் செம்மேடு சேர்ந்து வல்வில் ஓரி சிலையைக் கண்டு, இளைப்பாறுதல். பிற்பகலில் ஊராரின் இசைவோடு மிளகு, காப்பித் தோட்டத்தையும் சிறுதானிய வயலையும் பார்வையிடல். இரவு மலைமேல் தங்குதல்.

இரண்டாம் நாள்: காலையில் பெரியகோவிலூர், கோயில், ஆறு. பின்னர் அருவிக்கு இறங்கி ஏறுதல். நண்பகலில் மகளிர் குழுவினர் சமைத்த உணவு. அவர்களோடு ஒரு மணி நேரம் உரையாடல். பிற்பகல் மூன்று மணிக்குள் புறப்பட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் சேர்தல்.

இந்நிரலில் ஏதேனும் ஒன்றைக் குறைக்க நேர்ந்தால், பார்க்கும் இடங்களுள் ஒன்றைக் குறைக்கலாம், உரையாடலைக் குறைக்கலாகாது. மழை பெய்து அருவி அடைக்கப்பட்டாலும், ஊராரோடு பேசிய குழு வெறுங்கையோடு திரும்பியதாகாது.

கேட்டறிய வேண்டுவன

உரையாடலின்போது மாணவரும் உறுப்பினரும் கீழ்வரும் வினாக்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். குடிநீர் எங்கிருந்து வருகிறது. கோடையில் எத்தனை நாள் தட்டுப்பாடு? சாமையும் மரவள்ளியும் பயிரிட ஏக்கருக்கு என்ன செலவு, என்ன வரவு? விளைபொருள் அடிவாரம் சேர என்ன வண்டிக் கூலி ஆகிறது? நோயுற்றவரை மருத்துவரிடம் சேர்க்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? விருந்தினர் வருகையால் ஊருக்கு விளைந்த நன்மை எது, தொல்லை எது?

கடைசி வினாவுக்கு வரும் விடையை மறைக்காது எழுதி, ஊர் திரும்பியதும் கிராம சபையில் படிக்க வேண்டும். ஏனெனில் நம் ஊரிலும் ஒரு கோயிலோ ஏரியோ இருக்கும். அதைக் காண ஒருநாள் பிறர் வருவர். அவர்களை வரவேற்க நாம் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை, கொல்லிமலை மக்கள் கூறும் விடையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.