விலாங்கின் யாத்திரை

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பது நம்மவர் வழக்கு. கோலம் மாறும் அவ்வுயிர் அறிஞரையும் நெடுங்காலம் மயக்கியதென்பதற்கு ஐரோப்பாக் கண்டத்து விலாங்கின் வரலாறே சான்றாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆறுகளில் எண்ணிறந்த விலாங்குகள் பிடிபட்டும், சினை முற்றியது ஒன்றேனும் அகப்படவில்லை. ஆதலின் அது சேற்றினின்று தானே தோன்றுவதென அரிஸ்டாட்டில் கருதினார். 1896-ம் ஆண்டில் இத்தாலியராகிய கிராஸியும் கலாந்திரூச்சியோவும் ஓர் உண்மையை வெளியிட்டனர். தனியினமென அதுகாறும் எண்ணப்பட்ட, இலைபோல் தட்டையான கடலுயிர் ஒன்று விலாங்கின் குஞ்சே என்பது அது. பின்னர் டென்மார்க்கு தேசத்து ஜொஹான்னஸ் ஷ்மித் 1904 முதல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அக் குஞ்சுகளைத் தேடினார். மேற்கே செல்லச் செல்ல அவை சிறுத்துவந்தன. மிகச் சிறியவை பெர்முடாத் தீவுக்குத் தெற்கேயுள்ள சார்காஸோக் கடலிற் கிடைத்தமையால், பிறப்பிடம் அதுவே என 1922-ல் முடிவு செய்தார்.

அங்குப் பிறந்த குஞ்சு நீரோட்டத்தின் வழியே ஐரோப்பாவை நோக்கி மிதந்து வருகின்றது. கரையை அணுகியதும் உருண்டு நீண்டு, கண்ணாடிபோற் குருதியும் தெரியும் சிறு விலாங்காகின்றது. பின் நிறமேறி ஆறுகளிலும் குளங்களிலும் புகுந்து, இரவில் இரைதேடிப் பல்லாண்டு வளர்கின்றது. முடிவில் ஓர் இலையுதிர்காலத்தில் முதுகு கறுத்து, வயிறு வெள்ளிபோல் வெளுக்கின்றது; கண்கள் பெருக்கின்றன; குடல் சுருங்குகின்றது. அது முதல் உணவின்றியே, உடலிற் சேமித்த கொழுப்பின் துணையால், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பிறந்த கடலுக்கு மீள்கின்றது. முட்டையிட்டபின் மாள்கின்றதெனக் கருதுவர். அசோர்ஸ் தீவுகளிற் கருவி பொருத்தி விடப்பட்டவற்றுள் சில அக்கடலை அடைந்தமை 2022-ல் வெளியாயிற்று.

ஆயினும் இயற்கையில் அதன் முட்டையைக் கண்டார் இன்றளவும் இலர். அதற்குள் இனமே குன்றிவருகின்றது. கரைசேரும் குஞ்சுகள் 1980-க்குப் பின் பத்திலொரு பங்கினும் குறைந்தன. அணைகள் வழியை மறிக்கின்றன. மின்னாலைச் சக்கரங்கள் உடலைச் சிதைக்கின்றன. இளங்குஞ்சுகளை மனிதர் பெருவாரியாகப் பிடிக்கின்றனர். 2008-ல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமெனக் குறிக்கப்பட்டது.

பாதி வாழ்க்கையைக் கண்டு முழுதும் அறிந்தோமென எண்ணியதே முன்னோர் பிழை. மறுபாதியை நாம் காணுமுன் அவ்வுயிரையே இழப்போமாயின், நம் பிழை அதனினும் பெரிதாகும்.