மூட்டைப் பிரித்து நோக்குதல்

அசையாது நிற்கும் பொருளொன்றின்மீது செயற்படும் விசைகள் தம்முள் ஈடாகி நிற்கும் என்பது நிலையியலின் முதற்பாடம். இவ்விதி முழுப்பொருளுக்கு மாத்திரமன்றி, அதனின்றும் மனத்தாற் பிரித்தெடுத்த எச்சிறு பகுதிக்கும் பொருந்தும் என்பது இரண்டாம் பாடம். முன்னதை மாணவர் எளிதில் மறப்பதில்லை, பின்னதையே மறந்துவிடுகின்றனர். மூட்டொன்றினுள்ளே மறைந்துநிற்கும் விசையை அறிதற்கோ பின்னதே வழியாகும்.

இரும்புத் தகடுகள் இரண்டினை ஒன்றன்மேலொன்று வைத்து, போல்ட்டு என வழங்கும் மரையாணி ஒன்றினாற் பிணைத்து, மேற்றகட்டை இடப்புறமும் கீழ்த்தகட்டை வலப்புறமும் 12 கிலோநியூற்றன் விசையால் இழுப்பதாகக் கொள்வோம். தகடுகளிடையே உராய்வு இல்லை எனவுங் கொள்வோம். அவை சந்திக்கும் தளத்திலே ஆணியை மனத்தால் வெட்டுவோமாயின், மேற்றகடும் ஆணியின் மேற்பாதியும் ஒரு தனிப்பொருளாகும். அதனை இடப்புறம் இழுப்பது 12 கிலோநியூற்றன். ஆதலின் அஃது அசையாதிருத்தற்கு, வெட்டுமுகத்திலே வலப்புறமாக 12 கிலோநியூற்றன் செயற்படல் வேண்டும். இதுவே ஆணியின் வெட்டுவிசை.

இனி, இழுபடும் தகட்டை வேறிரண்டு தகடுகளின் நடுவே செருகி, அதே ஆணியாற் பிணைப்போம். நடுத்தகட்டைப் பிரித்தெடுக்குமிடத்து ஆணி ஈரிடத்தில் வெட்டுப்படும். வெளித்தகடுகள் ஒத்தனவாயின், ஒவ்வொரு முகத்திலும் எழுவது 6 கிலோநியூற்றனே. ஆணியும் அதுவே, இழுவையும் அதுவே, வெட்டுவிசை மாத்திரம் பாதியாயிற்று. வெளியே நின்று இழுவையை அளப்பவருக்கு இவ்வேறுபாடு தோன்றாது.

இஃது ஏட்டுக்கணக்கோடு ஒழிவதன்று. அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரிலே, ஹயற் றீஜென்சி ஹோட்டலில், 1981ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி தொங்கு நடைபாலங்கள் இரண்டு இடிந்து வீழ 114 பேர் மாண்டனர். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர்கீழே இரண்டாம் மாடிப் பாலம் தொங்கிற்று. முதல் வரைபடத்தின்படி, கூரையினின்று இறங்கும் ஒரே கோல் இரு பாலங்களையும் தாங்கவேண்டும். கட்டியபோதோ அதனை இரு கோல்களாக்கினர். ஒன்று கூரையிலிருந்து மேற்பாலத்துக்கு வந்தது. மற்றையது மேற்பாலத்தின் விட்டத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்குச் சென்றது.

ஒரு பாலம் ஒரு கோலிடத்தே சுமத்தும் பாரத்தை ஒரு பங்கு என்போம். கூரையின் அருகே வெட்டிப்பார்ப்பின், ஈரமைப்பிலும் இரண்டு பங்கே, மாற்றம் ஏதுமில்லை. மேற்பாலத்தின் விட்டத்தைப் பிரித்து நோக்கும்பொழுதே உண்மை புலனாகும். முதலமைப்பிற் கோல் விட்டத்தை ஊடுருவிச் சென்றமையால், கீழ்ப்பாலத்தின் பாரம் விட்டத்தைத் தீண்டாது நேரே கூரைக்கு ஏறும். விட்டத்தின் கீழுள்ள நட்டு தாங்குவது ஒரு பங்கே. மாற்றிய அமைப்பிற் கீழ்க்கோல் விட்டத்தையே பற்றி இழுத்தது; ஆதலின் மேற்கோலின் நட்டு இரண்டு பங்கைத் தாங்கவேண்டியதாயிற்று. முதலமைப்புத்தானும் நகர விதிகள் வேண்டிய வலுவில் ஏறத்தாழ 60 வீதமே உடையதென்று பின்னர் நிகழ்ந்த ஆய்வு காட்டிற்று. அத்தகைய மூட்டின்மீதே இருமடங்கு பாரம் ஏற்றப்பட்டது.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு மேற்பட்ட கணிதம் எதுவும் இங்கு வேண்டியிருக்கவில்லை. ஆகவே மாணவர்காள், மூட்டுத்தோறும் பகுதியைத் தனியே வரைக. அதன்மீது செயற்படும் விசை ஒவ்வொன்றையும் அம்பிட்டுக் காட்டுக. அவை ஈடாகின்றனவா என நோக்குக. வரைபடத்தில் ஒரு கோலோ ஓர் ஆணியோ இடம்மாறின், முன்னைய விடையை நம்பாது மீண்டும் முதலிலிருந்து செய்க.