மொட்டை மாடி ஓட்டு இடுக்குகளை அடைப்பது எப்படி?

டில்லியில் கிட்வாய் நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் ரஃபி அகமது கிட்வாயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவர் மத்திய அமைச்சராக இருந்தவர். 1954-இல் காலமானார். மத்திய அரசு ஊழியர்களுக்காக அங்கே வீடுகள் கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன குடும்பங்களும் அங்கே குடியிருந்தன. கிழக்கு கிட்வாய் நகரில் இப்போது பழைய வீடுகளை இடித்துவிட்டு உயரமான அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் டில்லியில் பழைய மாடி வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அவற்றின் கூரையைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரி வரை போகும். அந்தச் சூடு வீட்டுக்குள் இறங்கக்கூடாது. அதற்காகக் கூரைக்கு மேல் மண்ணைக் கொட்டிக் கெட்டிப்பார்கள். அதன் கனம் சுமார் 10 சென்டிமீட்டர். அதன்மேல் வைக்கோல் தூள் கலந்த சேறு பூசுவார்கள். சாணமும் களிமண்ணும் சேர்த்து மெழுகுவார்கள். கடைசியில் தட்டையான செங்கல் ஓடுகளைப் பதிப்பார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சிமெண்ட் கலவை வைப்பார்கள்.

நம் ஊரிலும் தட்டோடு பதிப்பது வழக்கம்தான். ஆனால் நம் ஊரில் ஓட்டுக்கு அடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இருக்கும். அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கூடச் சேர்ப்பார்கள். டில்லியில் அடியில் இருப்பது வெறும் மண். அதனால் இடுக்கு விட்டுப்போனால் அங்கே ஆபத்து அதிகம். மண் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீரை லேசில் விடாது. மழை நின்ற பிறகும் பல நாள் கீழே கசியும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் பார்ப்போமா? 2024 ஜூன் 28 காலை வரையான 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. இந்த நிலையம் கிட்வாய் நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 10 அடிக்கு 10 அடி உள்ள மாடியில் அந்த மழை விழுந்தால் சுமார் 2,100 லிட்டர் ஆகும். 15 லிட்டர் வாளியால் அளந்தால் 140 வாளி! அதில் ஒரு பங்கு இடுக்கு வழியாக இறங்கினால் போதும். கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும். அது காரையைப் பிளக்கும். ஒருநாள் காரை கட்டியாகப் பெயர்ந்து விழும். கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

இடுக்கு ஏன் விட்டுப்போகிறது? பகலில் ஓடு சூடாகி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே நடக்கிறது. முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வரும். அதில் தூசி சேரும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை முளைக்கும். வேர் இறங்கினால் வெடிப்பு அகலமாகும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது இன்னொரு காரணம். டில்லியில் குரங்குகள் தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போவதும் உண்டு!

பலர் இதற்கு ஒரு சுலப வழி செய்கிறார்கள். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து மாடி முழுவதும் ஊற்றிப் பெருக்கிவிடுகிறார்கள். மாடி வீட்டு அம்மா ஒருவரும் இதையே கேட்டார். கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை.

"மேஸ்திரி, சிமெண்ட் பால் ஊத்தினா போதாதா? செலவு கம்மியாச்சே."

"போதாதும்மா. பழைய கலவை உள்ளே ஆடிக்கிட்டு இருக்கு. அது மேல ஊத்துனா ஒரு கோடை தாங்காது. அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும்."

"அப்போ எல்லாத்தையும் பெயர்க்கணுமா?"

"வேண்டாம்மா. கெட்டதை மட்டும் எடுத்தா போதும். வாங்க, தட்டிப் பார்க்கலாம்."

கொத்தனார் சொன்னது சரி. ஒவ்வொரு ஓட்டையும் கரணைக் காம்பால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் ஓடு நன்றாக இருக்கிறது. 'டொக்' என்று காலியாகக் கேட்டால் அடியில் பிடிப்பு இல்லை. அந்த ஓட்டை எடுத்துவிட்டு அடியில் உள்ள மண்ணைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகுதான் மறுபடி பதிக்கலாம். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க மாடியில் தண்ணீரைத் தேக்காதீர்கள். மண் இன்னும் ஊறிவிடும்.

மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்த வேலையைச் செய்யலாம். பிப்ரவரி, மார்ச்சும் நல்லது. கடும் வெயிலில் கலவை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். டில்லியில் மழை ஜூன் கடைசியில் தொடங்கும். அதற்கு முன் முடிக்க வேண்டிய அவசரம் என்றால் மாலையில் வேலை செய்யுங்கள்.

ஆடுகிற பழைய கலவையைச் சின்ன உளியால் சுரண்டி எடுங்கள். ஒரு விரல் கனம் ஆழம் போக வேண்டும். ஓங்கி அடிக்காதீர்கள். ஓட்டின் விளிம்பு உடையும். செடி இருந்தால் வேரோடு எடுங்கள். மேலே கிள்ளினால் மறுபடி முளைக்கும். கம்பி பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தூசியின் மேல் வைத்த கலவை ஒட்டாது.

இனி கலவை. டில்லிக் கடையில் மணல் கேட்டால் "பதர்பூரா, ஜமுனாவா?" என்பார்கள். பதர்பூர் என்பது பருமணல். ஜமுனா என்பது மெல்லிய மணல். இடுக்குக்கு மெல்லிய மணல்தான் வேண்டும். சிமெண்ட் மூட்டையை வாங்கும்போது அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது!

ஒரு சட்டி சிமெண்டுக்கு மூன்று சட்டி மணல். இதோடு தண்ணீர் இறங்காமல் தடுக்கும் மருந்து சேர்க்க வேண்டும். சிமெண்டின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். 50 கிலோ மூட்டைக்கு 1 கிலோ. 5 கிலோ சிமெண்டுக்கு 100 கிராம். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். அரை மணி நேரத்தில் தீர்க்கும் அளவு மட்டும் குழையுங்கள். இறுகிப்போன கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி குழைக்கக்கூடாது.

இடுக்கை முதலில் நனையுங்கள். ஈரம் இருக்க வேண்டும். தண்ணீர் நிற்கக்கூடாது. கலவையைக் கரணை நுனியால் அழுத்தி அழுத்தி உள்ளே திணியுங்கள். மேலே தடவிவிட்டு நகராதீர்கள். ஓட்டில் படிந்ததை ஈரச் சாக்கால் உடனே துடையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் பாருங்கள். மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். டில்லிக் கொத்தனார்கள் அதைக் 'குர்ரா' என்பார்கள். ஒழுகல் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் தொடங்கும்.

சிமெண்ட் கையைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை போடுங்கள். சுரண்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கைப்பிடிச் சுவர் குட்டையாக இருந்தால் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து பின்னால் நகராதீர்கள். குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள்.

மறுநாள் முதல் ஏழு நாள் நனைத்த சாக்கைப் போட்டு ஈரமாக வைத்திருங்கள். தினமும் மூன்று வேளையாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். கூலியை வாங்கிக்கொண்டு கொத்தனார் போய்விடுவார். இது வீட்டுக்காரர் வேலை. இதை விட்டால் முன்பு செய்த எல்லாம் வீண்.

அரசுக் குடியிருப்பில் இருப்பவர்கள் தாங்களே உடைக்க வேண்டாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விசாரணை அலுவலகத்தில் புகார் எழுதித் தரலாம். வீட்டு எண், எந்த அறையில் ஒழுகுகிறது, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.

கணக்குப் போடுங்கள்: ஒருவர் 8 கிலோ சிமெண்ட் வாங்கினார். அவருக்கு எத்தனை கிராம் மருந்து வேண்டும்?

எழுதுங்கள்: உங்கள் வீட்டு மாடியில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எங்கே தேங்குகிறது?